அமாவாசைக்கு மீன் வாங்கும் வீடு

குருநகர்,
21.01.2024

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி மக்டலீனுக்கு,

அண்ணன் மரியரட்ணம் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சாள் கத்தரீனாவும் மருமகன் ஜெரிசனும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். மலைநாட்டுக் குளிரில் உன் முழங்கால் எப்படி? கத்தரீனா ஒரு போத்தல் எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறாள். மற்றச் சிஸ்டர்மாருக்குப் பங்கு வைக்காமல் நீயே பூசு.

உங்கள் மடத்துக்குள் போனும் இல்லை, பேப்பரும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் நான்தான் எழுத வேண்டும். போன ஓகஸ்டில் எங்கள் நங்கூரம் விளையாட்டுக் கழகம் கரையோரக் கிண்ணத்தை வென்றதையும், வென்ற கிண்ணத்தை என் கையிலிருந்தே திருப்பி வாங்கியதையும் அப்போதே எழுதினேன். எழுதாத ஒன்று இருக்கிறது. ஐந்து மாதமாகத் தொண்டைக்குள் முள்ளு மாதிரிக் கிடக்கிறது.

விளையாடுகிறவன் பருவம் முழுவதும் கழக எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று எங்கள் துடுப்பாட்ட லீக்கில் ஒரு விதி. என் மகன் றெஜி கொழும்பில் இரண்டு மாதம் வேலைக்கு நின்றவன். அதைப் பிடித்துக்கொண்டுதான் கரவெட்டி வெண்சங்குக் கழகத் தலைவர் தம்பிஐயா மேடையில் ஏறினார். விதி என்றால் விதி, சரி, விடு. ஆனால் மைக்கைக் கையில் வாங்கி அந்த மனிசன் சொன்னது என்ன தெரியுமா? “மீன் விலை வாசிக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு விதி வாசிக்கத் தெரியேல்லை.” சாமியார் முதற்கொண்டு பங்குச் சனம் முழுக்கக் கீழே நின்றது. வெண்சங்குப் பக்கம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதுக்குள் கேட்கிறது. றெஜி அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். போன் எடுத்தால் தாயோடு மட்டும் கதைக்கிறான்.

இந்த வருடம் இறுதியாட்டத்தை நடத்தும் பொறுப்பு எங்களுக்கு. எங்கள் மைதானத்தில், எங்கள் மைக்கில், தம்பிஐயாவின் முகத்தில் கரி பூசாமல் நான் கண் மூட மாட்டேன். அதற்கு எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். பெயர் சிவதர்ஷன். வெண்சங்கின் வேகப் பந்துவீச்சாளன். அவன் ஓடி வரத் தொடங்கினால் எங்கள் பெடியள் ஒரு அடி பின்னுக்குப் போவார்கள். கப்டன் பதவியைத் தம்பிஐயா தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார் என்று சிவதர்ஷனுக்கு மனக்கசப்பு. கேட்டால் தம்பிஐயா அவனை விடுவார். சும்மா விடமாட்டார். வளர்ந்து வருகிற எங்கள் பெடியளில் சிலரைப் பதிலுக்குக் கேட்பார். கொடுக்கலாமா, வேண்டாமா? கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நீ சொல்லு.

செபத்தில் என்னை நினை. தம்பிஐயாவை நினைக்காதே.

அண்ணன்
மரியரட்ணம்


மலைநாட்டு மடம்,
08.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. எண்ணெய் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. மச்சாளுக்கு நன்றி சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நற்கருணை அப்பம் சுடப் போனேன். மூன்று தட்டு கருகிப் போயிற்று. “என்ன சிஸ்டர், ஆரை நினைச்சுச் சுட்டனீங்கள்?” என்று மதர் கேட்டா. தம்பிஐயாவை என்று சொல்லவில்லை.

அண்ணை, அப்பா அந்த மீன் விலையில்தான் உங்களையும் என்னையும் ஜெனிற்றாவையும் படிப்பித்தவர். எதிரிக்காகச் செபிக்கச் சொல்லியிருக்கிறது, தெரியும். செபித்தும் பார்த்தேன். வாய்தான் அசைகிறது. என்னைக் கேட்டால், சிவதர்ஷனை எடுங்கள். கிண்ணத்தையும் எடுங்கள். அந்த மைக்கில் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை மட்டும் எனக்கு முதலே எழுதிக் காட்டுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

சிவதர்ஷனை எனக்குத் தெரியும். கரவெட்டியில் நான் பாலர் பள்ளி நடத்திய பதினொரு வருடத்தில் என்னிடம் ‘அ’ எழுதப் பழகியவன். தகப்பன் 2006இல் லொறியோடு வன்னிக்குப் போனவர், திரும்பவில்லை. தாய் நாகேஸ்வரிக்கு எத்தனை மனு எழுதிக் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு மனுவிலும் “என் கணவர் உயிரோடு இருக்கிறார்” என்ற வரியை முதலில் போடச் சொல்லுவாள்.

ஒன்று மட்டும். யாரையும் கொடுங்கள், ஜெரிசனைத் தொடக்கூடாது. போகிறவன் அந்தக் கழக எல்லைக்குள் போய்க் குடியிருக்க வேண்டும் அல்லவா? எங்கள் தங்கச்சி ஜெனிற்றா சாகிறபோது ஆசுப்பத்திரிக் கட்டிலில் எங்கள் இரண்டு பேருடைய கையையும் பிடித்துக்கொண்டு, “என்ரை பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிப் போடாதேங்கோ” என்றாள். நீங்கள்தான் முதலில் “ஓம்” என்றீர்கள்.

பதினாலாம் திகதி விபூதிப் புதன், தவக்காலம் தொடக்கம். அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருகிறதை மதர் பெட்டிக்குள் பூட்டி வைப்பா.

உங்கள் தங்கை
மக்டலீன்


குருநகர்,
10.03.2024

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி,

நாங்கள் சுகம். தவக்காலத்தில் ஒருசந்தியும் செபமும் என்று நீ இளைத்துப் போயிருப்பாய். உடம்பைப் பார்.

இதை நீ உயிர்த்த ஞாயிறுதான் வாசிப்பாய் என்று தெரியும். என்றாலும் உன்னைக் கேளாமல் செய்தேன் என்று நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது. தம்பிஐயா வீட்டுக்கே போனேன். தேத்தண்ணி தந்தார், குடிக்கவில்லை. சிவதர்ஷனுக்குப் பதில் மூன்று பேர் வேண்டுமாம். தேனுஜன், நிருஷன், இன்னொருவன். மூன்று பேரும் இருபதுக்குள். இந்த வருடம் பெரிதாக ஒன்றும் கிழிக்க மாட்டார்கள், ஆனால் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அவர்கள்தான் அணி. கமிட்டியில் பாதிப் பேர், “நாளைக்குரிய பெடியளைக் குடுத்து இண்டைக்கு ஒருத்தனை வாங்கிறதோ?” என்று கத்துகிறார்கள். எனக்கு நாளை வேண்டாம். எனக்கு ஓகஸ்ட் வேண்டும்.

மார்ச் 30ஆம் திகதிக்குள் இரண்டு தலைவர்மாரும் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் பருவம் முடியும் வரை ஒருவரும் திரும்பி வர முடியாது. நீ என்ன நினைக்கிறாய்? உடனே எழுது.

அண்ணன்
மரியரட்ணம்


மலைநாட்டு மடம்,
02.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். நாங்கள் எல்லோரும் சுகம். பாஸ்கா இரவு நல்ல மழை.

பெட்டியைத் திறந்து மதர் தந்த முதல் கடிதம் உங்களுடையது. உடனே எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். வாயைக் கட்டியிருக்கிற ஆளிடம் கேள்வி கேட்பது சுகம்தான். கையெழுத்து வைத்திருப்பீர்கள். வாழ்த்துக்கள்.

தேனுஜன், நிருஷன், இன்னொருவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இன்னொருவன் யார்?

தங்கை
மக்டலீன்


குருநகர்,
28.04.2024

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி,

நாங்கள் சுகம். கத்தரீனாவுக்குப் பல்லுவலி, நேற்றுத்தான் கழற்றினது. உனக்கு எப்படி?

சிவதர்ஷன் வந்துவிட்டான்! நீ பார்க்க வேண்டும். பின் அறையில் இருக்கிறான். சத்தம் போடாத பெடியன். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறான். கத்தரீனா, “இவன் எங்கடை வீட்டிலை பிறந்திருக்க வேண்டியவன்” என்கிறாள். பின்னேரம் அவன் பந்து போட, இறங்குதுறையில் வலை தைக்கிற ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து மதிலில் ஏறி நிற்கிறார்கள். முதல் ஆட்டத்தில் ஆறு விக்கெற். இரண்டாவதில் நாலு. எதிரணிக் கப்டன் வந்து என் கையைப் பிடித்து, “இது நியாயமில்லை அண்ணை” என்றான். எனக்கு அன்று சாப்பாடே தேவைப்படவில்லை.

தம்பிஐயாவைச் சந்தையில் கண்டேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
மரியரட்ணம்


மலைநாட்டு மடம்,
09.05.2024

அண்ணைக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பின் அறை ஜெரிசனுடைய அறை.

மக்டலீன்


கரவெட்டி,
19.05.2024

அன்புள்ள சிஸ்டர் பெரியம்மாவுக்கு,

ஜெரிசன் எழுதுவது. நான் சுகம், நீங்கள் சுகமா? நீங்கள் கழக விலாசத்துக்குப் போட்ட கடிதம் கிடைத்தது. மாமா உங்களுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்.

மார்ச் 28, பெரிய வியாழன். பூசைக்கு வெளிக்கிட்டு நிற்க, தம்பிஐயா காரில் வந்தார். மேசையில் மூன்று கடிதம். தேனுஜனுக்கும் நிருஷனுக்கும் மாமா கையெழுத்து வைத்தார். மூன்றாவதில் வைக்கப் பேனை எழுதவில்லை. உதறிப் பார்த்தார். பேந்து என்னைப் பார்த்து, “தம்பி, உன்ரை பேனையை ஒருக்கால் தா” என்றார். நானும் குடுத்தேன். குடுத்த பிறகுதான் கடிதத்தில் என் பெயரைக் கண்டேன். “ஒரு பருவம் தானேடா, ஓகஸ்டிலை வந்திடுவாய்” என்றார். மாமி குசினிக்குள் போய்விட்டா. நான் அழவில்லை, பெரியம்மா. பேனையைத் திருப்பிக் கேட்கவும் மறந்துபோனேன்.

இங்கே தம்பிஐயாவின் வெங்காய மால் கொட்டிலில் ஒரு பக்கத்தை மறைத்து மூன்று பேருக்கும் படுக்கை போட்டிருக்கிறது. அவர் கெட்ட மனிசன் இல்லை, ஆனால் ஆட்களுக்கு என்னைக் காட்டி, “உவன் மரியரட்ணத்தின்ரை மருமோன், சிவதர்ஷனுக்குச் சில்லறையா வந்தவன்” என்று சொல்லுவார். அணியில் எங்களுக்கு இடம் இல்லை. பெரிய ஆட்கள் பதினொரு பேரும் இருக்கிறார்கள். நாங்கள் தண்ணிப் போத்தல் தூக்குகிறோம். ஆனாலும் ஒவ்வொரு நாளும் தனிய நின்று பந்து போடுகிறேன். ஒரு ஸ்ரம்பை நட்டு, அது யார் என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்துப் போடுகிறேன். குறி தவறுவது குறைந்துவிட்டது.

சிவதர்ஷன் அண்ணையின் அம்மா நாகேஸ்வரி அன்ரி இரண்டு வீடு தள்ளி. மகன் எங்கள் வீட்டில், நான் இவவின் ஊரில். “ஒருத்தருக்குச் சமைச்சுப் பழக்கமில்லை மோனை” என்று எனக்கும் சோறு போடுகிறா. தனியத்தான் இருக்கிறா. உங்களுக்கு எழுத வேண்டும் என்று விலாசம் வாங்கினவ.

செபியுங்கள்.

ஜெரிசன்


மலைநாட்டு மடம்,
02.06.2024

அண்ணைக்கு,

நான் சுகம்.

எல்லாம் தெரியும். பேனை வரைக்கும் தெரியும். பதினொரு வருடமாக உங்களை ‘அப்பா’ என்று கூப்பிடலாமா என்று கேட்கப் பயந்து ‘மாமா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை, அவன் பேனையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதுவும் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த வியாழக்கிழமை. அந்த நாளில் கொடுக்கிறோமே என்று உங்களுக்கு ஒரு கூச்சம்கூட இல்லையா?

தம்பிஐயா எங்களை ஒரு வார்த்தையால் அடித்தார். நீங்கள் ஜெனிற்றாவின் பிள்ளையை வெங்காயத்துக்குள் படுக்க வைத்திருக்கிறீர்கள். இனி எனக்குத் தம்பிஐயாவில் கோபமே இல்லை. இருந்த அவ்வளவும் உங்கள் பக்கம் வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, அதுதான் என் தொழில். ஆனால் நான் உங்களை மன்னிக்கவில்லை.

அவனைக் கூட்டி வாருங்கள்.

மக்டலீன்


குருநகர்,
30.06.2024

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி,

நாங்கள் சுகம். நீ எழுதியதை நாலு தரம் வாசித்தேன். கத்தரீனா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கூட்டி வர விதி இல்லை, பிள்ளை. வந்தால் கிண்ணம் போகும், போன வருடம் மாதிரி. ஜெரிசன் இல்லாமல் சிவதர்ஷனை விடமாட்டேன் என்று தம்பிஐயா ஒரே பிடி. என்னைச் சுடத்தான் அவனைக் கேட்டார். நானும் சுடுவேன். கிண்ணத்தை வாங்குகிற அன்றே ஜெரிசனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இது சத்தியம்.

நீ கோபித்தாலும் இதைக் கேட்டால் சிரிப்பாய். அரையிறுதியில் வென்றுவிட்டோம். வெண்சங்கும் வென்றுவிட்டது. இறுதியாட்டத்தின் திகதியை நடத்துகிற கழகம்தான் குறிக்கும், அதுவும் விதி. விதிப் புத்தகத்தை மூன்று தரம் வாசித்தேன். யாகப்பர் பெருநாள் முடிந்து ஜூலை 28 என்று இருந்ததை ஓகஸ்ட் 4, ஞாயிறு, காலை எட்டரை மணி என்று மாற்றிப்போட்டேன். ஓகஸ்ட் 4 என்ன நாள்? ஆடி அமாவாசை! தகப்பன் இல்லாத சைவ ஆட்கள் எல்லாரும் விரதம் பிடித்து, பிதிர்க்கடன் செய்யக் கீரிமலையில் நிற்கிற நாள். தம்பிஐயாவும் போக வேண்டும். கப்டனும் போக வேண்டும்.

சும்மா குத்துமதிப்பில் செய்யவில்லை. கரவெட்டிக்கு மீன் கொண்டுபோகிற எங்கள் பெடியளைக் கேட்டேன். அமாவாசைக்கு எந்த வீடு மீன் வாங்கும், எந்த வீடு வாங்காது என்று மீன்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வெண்சங்கு அணியில் ஐந்து வீட்டில் வாங்குவதில்லை. ஐந்து பேரும் நல்ல ஆட்டக்காரர். மீன் விலை வாசிக்கத் தெரிந்த ஆட்களின் விசாரணை இது.

எங்கள் அணியில் சைவப் பெடியன் சிவதர்ஷன் ஒருவன்தான். அவன் வீட்டைப் பற்றியும் கேட்டேன். நாகேஸ்வரி பதினெட்டு வருடமாக ஒவ்வொரு அமாவாசையும் மீன் வாங்குகிறவளாம். மழை என்றாலும் வாசல் படலையில் வந்து நின்று வாங்குவாளாம். ஆகவே அவனுக்கு விரதமும் இல்லை, கீரிமலையும் இல்லை.

கரவெட்டி ஆட்களை என்னைவிட உனக்குத் தெரியும். இதில் நான் தவறவிட்டது ஏதும் உண்டா? இருந்தால் சொல்லு. திகதி மாற்ற ஜூலை 20 வரைக்கும் நேரம் இருக்கிறது.

அண்ணன்
மரியரட்ணம்


மலைநாட்டு மடம்,
12.07.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கர்த்தருடைய சமாதானம். முழங்கால் சுகம். மச்சாளின் எண்ணெய் முடிந்துவிட்டது, இன்னும் ஒரு போத்தல் கிடைத்தால் நல்லது. தோட்டத்தில் கரட் நன்றாக வந்திருக்கிறது. மதருக்குக் கொஞ்ச நாளாகத் தடிமனும் தும்மலும்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தை ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தேன். திகதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓகஸ்ட் நாலு நல்ல நாள். மாற்ற வேண்டாம்.

அன்று காலை முழுவதும் கோவிலில் முழங்காலில் இருப்பேன்.

உங்கள் தங்கை
மக்டலீன்


குருநகர்,
07.08.2024

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி,

நீ சுகமா? என் சுகத்தைக் கேட்காதே.

வியாழக்கிழமை பின்னேரம் நான் மைதானத்தில் கொடி கட்டுவித்துக்கொண்டு நிற்க, சிவதர்ஷன் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான் விளையாடேலாது. கீரிமலைக்குப் போறன்.”

“ஏன்ரா, நீங்கள் அமாவாசைக்கு மீன் வாங்கிற ஆக்களெல்லோ?”

“இந்த ஆடியிலிருந்து இல்லை ஐயா. அம்மா பொட்டை அழிச்சிட்டா. அப்பாவுக்கு முதல்தரம் எள்ளும் தண்ணியும் இறைக்க வேணும்.”

நான் கத்தினேன். கெஞ்சினேன். மத்தியானத்துக்குப் பிறகு போ என்றேன். கத்தரீனா வந்து என் கையைப் பிடித்து இழுத்து, “உங்களுக்கு என்ன விசரே, அது தகப்பன்” என்றாள். திகதியை மாற்றலாமா என்று தம்பிஐயாவுக்குப் போன் எடுத்தேன். ஓம், நான், அந்த மனிசனுக்கு. “விதியிலை ஜூலை இருபது எண்டு கிடக்கு, மரியரட்ணம். வாசிச்சிருப்பியள்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு வெண்சங்கில் ஐந்து பேர் வரவில்லை. நான் நினைத்தது போலவே. அந்த ஐந்து இடத்துக்கு யாரை இறக்கினார்கள் என்று நினைக்கிறாய்? தேனுஜன், நிருஷன், ஜெரிசன், இன்னும் இரண்டு சின்னவர்கள். திகதியை மாற்றாமல் விட்டிருந்தால் மூன்று பேரும் தண்ணிப் போத்தலோடு வெளியே இருந்திருப்பார்கள். நானே கையைப் பிடித்து மைதானத்துக்குள் கூட்டிக்கொண்டு போனது மாதிரி ஆகிவிட்டது.

சிவதர்ஷன் இல்லாத எங்கள் பந்துவீச்சைத் தேனுஜன் விளாசித் தள்ளினான். நாங்கள் 119 எடுத்தால் வெற்றி. கடைசி ஓவரில் எங்களுக்கு இன்னும் ஐந்து ஓட்டம் வேண்டும், ஒரு விக்கெற்தான் மிச்சம். பந்தை ஜெரிசனிடம் கொடுத்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்ரம்பைத்தான் பார்த்தான். மூன்று பந்தில் ஓட்டம் இல்லை. நாலாவதில் நடு ஸ்ரம்ப் விழுந்துவிட்டது.

பரிசு கொடுக்கிற நேரம் தம்பிஐயா கீரிமலையிலிருந்து நேரே வந்தார், நெற்றியில் திருநீறு, தலை ஈரம். என் மைக்கை வாங்கினார். என்ன சொன்னார் தெரியுமா? “மரியரட்ணம் அண்ணைக்கு நன்றி. திகதியும் அவர் தந்தது, பெடியளும் அவர் தந்தது.” எங்கள் சனமும் சிரித்தது, தங்கச்சி. எங்கள் சனம்.

நடத்துகிற கழகத் தலைவர்தான் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும். வாங்க வெண்சங்கு ஜெரிசனை அனுப்பியது. இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினான். “வாடா மோனை, வீட்டை போவம்” என்றேன். “நன்றி ஐயா” என்றான். ஐயா என்றான். பிறகு அவர்களின் லொறியில் ஏறிப் போய்விட்டான்.

தவறவிட்டது ஏதும் உண்டா என்று உன்னைக்கூடக் கேட்டேன். நாலு சுவருக்குள் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? என் விதி.

இந்தக் கடிதத்தை அவன் பேனையால்தான் எழுதுகிறேன். மார்ச் மாதத்திலிருந்து என் சட்டைப் பைக்குள் கிடக்கிறது.

அண்ணன்
மரியரட்ணம்


மலைநாட்டு மடம்,
22.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. எண்ணெய் கிடைத்தது. நான் சுகம். மச்சாளின் உடம்பைக் கவனமாகப் பாருங்கள்.

எனக்குத் தெரியும், அண்ணை.

நாகேஸ்வரியின் கடிதம் ஜூலை மூன்றாம் திகதி வந்தது. உங்கள் கடிதமும் அன்றே வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசித்தேன். அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: “சிஸ்டர், அவர் இல்லை எண்டு சனம் நினைச்சுப் போடும் எண்ட பயத்திலைதான் ஒவ்வொரு அமாவாசையும் படலையிலை நிண்டு மீன் வாங்கினனான். எனக்கு மீன் கறி பிடிக்கிறதே இல்லை. மகனும் குருநகருக்குப் போன பிறகு வெறும் வீட்டிலை தனிய இருக்கேக்கைதான் விளங்கிச்சு. அவர் வரமாட்டார். வாற ஆடி அமாவாசைக்கு மகனைக் கீரிமலைக்கு அனுப்பப் போறன். ஆருக்கும் இன்னும் சொல்லேல்லை. மகனுக்கும் கிட்டத்திலைதான் சொல்லுவன். உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்.”

உங்கள் மீன்காரப் பெடியள் வீட்டு வாசலில் கண்டதைச் சரியாகத்தான் சொன்னார்கள். அவள் மகனை வீட்டை விட்டு எடுத்தது நீங்கள். அவள் மனம் மாறியது அதனால். ஜூலை இருபது வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியபடி, உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒன்பது நாள் யோசித்தேன். பிறகு நல்ல நாள் என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. அது நாகேஸ்வரிக்கு நல்ல நாள்.

அவள் என்னை நம்பிச் சொன்னதை என் பழிக்குப் பாவித்தேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். அவளிடம் கேட்டது உண்மையான மன்னிப்பு.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிரிக்கெற்றா என்று இரண்டு தரம் கேட்டார். அண்ணனுக்கு உண்மையை எழுதுங்கள் என்றார், எழுதிவிட்டேன். முழுச் செபமாலை சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபச் செபத்தையும் மனமாரச் சொல்லச் சொன்னார். தினமும் சொல்கிறேன், அண்ணை. மனஸ்தாபம்தான் இன்னும் வரவில்லை. சொல்லி முடிக்கிறபோதெல்லாம் அந்த நடு ஸ்ரம்ப் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் ஒருநாளும் நேரில் கேட்காத சத்தம்.

சிவதர்ஷன் தாயிடம் திரும்பிவிட்டானாம். ஜெரிசனும் அந்த வீட்டிலேயே நிற்கப் போகிறான் என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு அங்கே இரண்டு நேரம் சோறும் ஒரு தாயும் இருக்கிறது. உங்கள் பின் அறை வெறுமையாக இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

பேனையைக் கரவெட்டிக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் போட வேண்டாம்.

உங்களுக்காகச் செபிக்கிறேன். இப்போதைக்கு வாய்தான் அசைகிறது.

தங்கை
மக்டலீன்